‘தரிசு’ என்று எழுதப்பட்ட நிலம்: பழைய ஆவணங்களைக் கொண்டு ஓர் ஊரின் மேய்ச்சல் நிலத்தை ஆராயும் முறை

காங்கயத்திலிருந்து வெள்ளகோவில், மூலனூர் பக்கமாகச் செல்பவர் சாலையின் இருமருங்கிலும் கிளுவை வேலியால் கட்டங்கட்டமாகப் பிரிக்கப்பட்ட மேய்ச்சல் நிலங்களைக் காண்பார். உள்ளே கொழுக்கட்டைப் புல் படர்ந்திருக்கும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிழல் விரித்து நிற்கும். அவ்வட்டார மக்கள் இதனைக் கொறங்காடு என்பார்கள். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையே பெறும் இப்பகுதியில் காங்கயம் மாடுகளும் மேச்சேரிச் செம்மறிகளும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்ததற்கு இந்நிலமே ஆதாரம். வேலியைப் பேணி, புல் விதை முற்றும்வரை கால்நடைகளைத் தடுத்து, கட்டம் மாற்றிக் கட்டம் மேய்த்துக் காப்பாற்றப்படும் இந்த நிலத்துக்கு வருவாய்க் கணக்கில் தனிப் பெயர் கிடையாது. பட்டாவில் அது வெறும் புன்செய். பயிர் வைக்காத ஆண்டின் அடங்கலில், அதாவது ஊரின் ஆண்டுப் பயிர்க் கணக்கில், அது வெறும் தரிசு.

ஒரு நிலம் முற்காலத்தில் எவ்வாறு பயன்பட்டது, அதில் என்ன வளர்ந்தது என்று பழைய ஆவணங்களைக் கொண்டு ஆராய முற்படுபவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுவே. அந்த ஆவணங்களில் பெரும்பாலானவை வரி வசூலிப்பதற்காக எழுதப்பட்டவை. புல்லையோ மரத்தையோ பதிவுசெய்வது அவற்றை எழுதியவர்களின் நோக்கம் அன்று. ஆகவே ஒவ்வொரு பதிவையும் ‘இதை எழுதியவர் எதற்காக எழுதினார், அவருக்குத் தேவைப்படாதது எது’ என்னும் கேள்வியோடு படித்தால்தான், எழுதப்படாமல் போன புல்வெளி நம் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும். காங்கயம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த வழிமுறையை விளக்குகிறேன். தமிழ்நாட்டின் வேறு எந்த வானம்பார்த்த பூமிக்கும் இதைச் சிறு மாற்றங்களோடு கையாளலாம்.

ஊரையும் கேள்வியையும் வரையறுத்தல்

ஒரு வட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள். ஒரே ஒரு வருவாய்க் கிராமம் போதும். அதற்குள்ளும் ‘பவானிசாகர் அணை கட்டப்படுவதற்கு முன்னும் பின்னும் இந்த ஊரில் மேய்ச்சலுக்கு விடப்பட்ட புன்செய் எவ்வளவு’ என்பது போல விடை காணக்கூடிய கேள்வி ஒன்றை வகுத்துக்கொள்ளுங்கள். ‘இந்த ஊர் முன்பு எப்படி இருந்தது’ என்ற கேள்வியோடு காப்பகத்துக்குள் நுழைபவர் கட்டுக் கட்டாகக் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்புவார். அவற்றை எங்கே பொருத்துவது என்று பின்னர் அவருக்கே தெரியாது.

அடுத்து, அந்த ஊர் எந்தெந்தக் காலத்தில் எந்த ஆட்சி எல்லைக்குள் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்று திருப்பூர் மாவட்டத்தில் உள்ள காங்கயம் பகுதி 2009 வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டம் பெரியார் மாவட்டம் என்ற பெயரில் 1979-இல் பிரிக்கப்படும்வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் இப்பகுதி ஊர்களில் பெரும்பாலானவற்றைத் தாராபுரம் வட்டத்தின் கீழேதான் தேட வேண்டும். இதை முன்கூட்டியே அட்டவணையாக எழுதி வைத்துக்கொள்ளாதவர்கள், ‘காங்கயம் வட்டம்’ என்ற தலைப்பில் எதுவும் கிடைக்கவில்லை என்று வெறுங்கையோடு திரும்பும்படி ஆகும். மேலும், வட்டத்தின் எல்லை மாறிய ஆண்டில் புள்ளிவிவரமும் திடீரென்று ஏறும் அல்லது இறங்கும். அந்த மாற்றம் காகிதத்தில் நிகழ்ந்தது. நிலத்தில் எதுவும் மாறியிருக்காது.

கிராமக் கணக்குகளிலிருந்து தொடங்குதல்

வேலையை இன்றைய ஆவணத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்வதே நல்லது. இன்றைய அ-பதிவேட்டு விவரத்தையும் புலப்படத்தையும் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு புல எண்ணுக்கும் அரசுக்கு உரியதா ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), நன்செய்யா புன்செய்யா புறம்போக்கா, மண் வயனமும் (மண்ணின் வகையும்) ரகமும் என்ன, தீர்வை (நிலவரி) வீதம் எவ்வளவு, பரப்பு எவ்வளவு என்பனவெல்லாம் அ-பதிவேட்டில் இருக்கும். இவற்றுள் மண் வயனம் பற்றிய பகுதியைப் பலர் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் நிலவரித் திட்ட அலுவலர்கள் ஊர் ஊராகச் சென்று மண்ணைப் பார்த்து வகைப்படுத்திய மதிப்பீட்டின் தொடர்ச்சி அது. தீர்வை மிகக் குறைவாகவும் மண் ரகம் தாழ்ந்ததாகவும் உள்ள புலங்கள் ஓரிடத்தில் கூட்டமாக இருந்தால், அவையே நீண்டகாலம் மேய்ச்சலாகக் கிடந்திருக்க வாய்ப்புள்ள நிலங்கள் என்று முதற்கட்டமாகக் குறித்து வைக்கலாம். இது சான்று ஆகாது. எங்கே தேட வேண்டும் என்பதற்கான குறிப்பு மட்டுமே.

அடுத்து வருவது அடங்கல். கிராமக் கணக்குகளில் 2-ஆம் எண்ணுடைய இந்தப் பதிவேட்டில், ஒவ்வொரு பசலி ஆண்டிலும் ஒவ்வொரு புலத்திலும் என்ன பயிர் செய்யப்பட்டது, எந்த மாதத்தில் விதைத்து எந்த மாதத்தில் அறுத்தார்கள், எதனால் பாசனம் நடந்தது என்பன எழுதப்படும். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அதனோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1365 என்றால் 1955 ஜூலை முதல் 1956 ஜூன் வரை என்று பொருள். ஒரே ஓர் ஆண்டின் அடங்கலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது. கொறங்காட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மழை நன்றாகப் பெய்யும்போது, உழுது சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டு மீண்டும் புல்லுக்கு விடும் வழக்கம் உண்டு. ஆகவே தொடர்ச்சியாகப் பத்து ஆண்டு அடங்கல் கிடைத்தால், ‘சோளம், தரிசு, தரிசு, தரிசு, தரிசு, கொள்ளு, தரிசு’ என்பது போன்ற ஓர் ஒழுங்கு தென்படும். அந்த ஒழுங்குதான் கொறங்காட்டின் கையெழுத்து. கைவிடப்பட்ட நிலத்தின் வரிசை வேறு மாதிரி இருக்கும். ஒரு கட்டத்துக்குப் பின் பயிரே வராமல் தரிசு மட்டுமே நீளும்.

அடங்கலில் ஒரு குறை உண்டு. கணக்கு எழுதுபவர் புலத்துக்குப் போகாமலே சென்ற ஆண்டின் பதிவைப் பார்த்து எழுதிவிடக்கூடும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஊர் முழுவதும் எழுத்துக்கு எழுத்து ஒரே பதிவு இருந்தால் அதனை ஓர் ஆண்டின் சான்றாகவே எண்ணுங்கள். மாறாக, பஞ்ச ஆண்டிலும் மழை மிகுந்த ஆண்டிலும் பதிவுகள் வேறுபட்டிருந்தால், எழுதியவர் நிலத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறார் என்று நம்பலாம்.

2-சி கணக்கையும் கேட்டுப் பாருங்கள். புறம்போக்கு நிலத்தில் நிற்கும் புளி, பனை போன்ற மரங்களின் பலனை அனுபவிப்பவர்களுக்குத் தரப்படும் மரப் பட்டா பற்றிய பதிவு அது. நிலத்தாவரங்களை ஆராய்பவர்க்கு வருவாய்த் துறை தரக்கூடிய ஆவணங்களில் மரத்தின் பெயரை நேராகச் சொல்வது இது ஒன்றுதான் என்றே சொல்லலாம். ஆயினும் பலன் தரும் மரங்கள்தான் அதில் இருக்கும். வெள்வேலும் வேம்பும் இல்லாமல் போவதால் அவை ஊரில் இல்லை என்று ஆகிவிடாது.

பழைய எண்களைப் புதிய எண்களோடு பொருத்துவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். நில அளவைக்கு முந்தைய பைமாஷ் எண், முதல் நில அளவையின் புல எண், 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்குப் பின் வந்த உட்பிரிவு எண் என ஒரே நிலத்துக்கு மூன்று எண்கள் இருக்கலாம். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்புமை காட்டும் பதிவேடு வட்ட அலுவலகத்திலோ மாவட்ட நில அளவை அலுவலகத்திலோ இருக்கும். நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கலாம். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்படும்வரை கணக்குகளை எழுதிவந்தவர்கள் கர்ணங்களே. அவர்களுடைய வீட்டுப் பரணில் பழைய கட்டுகள் இன்னும் இருக்கலாம் என்பதால் அங்கும் மரியாதையோடு விசாரிப்பது பயன் தரும். பரப்பளவுகளையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். வள்ளம், மா, காணி போன்ற பழைய அளவுகள் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதால், அந்தந்த ஊரிலேயே இரண்டு அளவுகளிலும் எழுதப்பட்ட பத்திரம் ஒன்று கிடைக்கும்வரை அவற்றை மாற்றாமல் அப்படியே வைத்திருப்பது நல்லது.

ஒரே நிலம், மூன்று பெயர்கள்

கிராமக் கணக்குகளின் கூட்டுத்தொகைதான் மாவட்டப் புள்ளிவிவரமாகவும், ஆண்டுதோறும் வெளியாகும் பருவ, பயிர் அறிக்கையாகவும் உருப்பெறுகிறது. இங்கே சற்று நின்று நிதானிக்க வேண்டும். கற்றறிந்தவர்களும் தடுமாறும் இடம் இது.

இந்தியாவில் நிலப் பயன்பாட்டு வகைகள் முன்பு ஐந்தாக இருந்தன. 1950-ஐ ஒட்டிய காலத்தில் அவை ஒன்பதாக விரிக்கப்பட்டன. காடு, பயிரிட இயலாத நிலம், வேளாண்மை அல்லாத பயன்பாட்டில் உள்ள நிலம், நிரந்தர மேய்ச்சல் நிலம், பல்வகை மரப்பயிர்கள், சாகுபடிக்கு உகந்த தரிசு, நடப்புத் தரிசு, இதர தரிசு, நிகர சாகுபடிப் பரப்பு என்பனவே அந்த ஒன்பது. ஒரு நிலம் அந்த ஓர் ஆண்டு மட்டும் பயிரில்லாமல் கிடந்தால் அது நடப்புத் தரிசு. ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டுக்குள் என்றால் இதர தரிசு. ஐந்தாண்டையும் தாண்டினால் சாகுபடிக்கு உகந்த தரிசு.

இந்த அளவுகோலைக் கொறங்காட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு விவசாயி தம் 12 ஏக்கர் கொறங்காட்டை உழுது சோளம் விதைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு அது நிகர சாகுபடிப் பரப்பில் சேரும். மறு ஆண்டு புல்லுக்கு விட்டால் நடப்புத் தரிசு. அதற்கடுத்த ஆண்டுகளில் இதர தரிசு. ஏழாம் ஆண்டில் சாகுபடிக்கு உகந்த தரிசு. வேலிக்குள் அதே புல், அதே மரம், அதே மாடுகள். புல் விதையூன்றி மேலும் மேலும் செழித்துக்கொண்டிருக்கும்போது, கணக்கில் அந்த நிலம் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகிறது. ‘நிரந்தர மேய்ச்சல் நிலம்’ என்னும் வகையில் மேய்க்கால் புறம்போக்கு போன்ற பொது நிலங்களே பெரும்பாலும் சேர்க்கப்படுவதால், பட்டா நிலமான கொறங்காட்டுக்கு அங்கும் இடமில்லை. எனவே ‘இவ்வட்டாரத்தில் தரிசு பெருகிவிட்டது’ என்று ஓர் அறிக்கை சொன்னால், அது பாழ்பட்டுக் கிடக்கும் நிலமாகவும் இருக்கலாம். ஓய்ந்து புல் வளர்க்கும் நிலமாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் அந்த எண்ணை எடுத்தாள்வது பெரும் பிழை. பிரித்தறிய உதவும் துணைச் சான்று கால்நடைக் கணக்கெடுப்பு. 1919-20 முதல் இந்தியாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற திட்டத்தில் அது நடைபெற்றுவருகிறது. தரிசு கூடிய அதே காலத்தில் மாடும் செம்மறியும் குறையாமல் இருந்தால், அந்தத் ‘தரிசு’ அவற்றுக்குத் தீனி தந்துகொண்டிருந்தது என்று ஐயுறுவதற்கு நல்ல காரணம் உண்டு.

சொல் ஒன்று நிலத்தின் தலைவிதியை மாற்றிவிடும் என்பதற்கு நீலகிரி ஒரு சான்று. சோலைகளுக்கு இடைப்பட்ட புல்வெளிகளை வெற்று நிலமாகக் கருதிய பார்வையோடு, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அங்கே தைலமரமும், சீகை என்று அங்கு வழங்கும் வாட்டில் மரமும் நடப்பட்டன. மனிதர்கள் காட்டை அழித்ததால் வந்த புல்வெளி அன்று அது. பல்லாயிரம் ஆண்டுகளாகவே அங்குப் புல் இருந்தது என்பதை அம்மலைச் சதுப்புகளில் படிந்த கரிமத்தை ஆராய்ந்து 1993-இல் அறிஞர்கள் வெளியிட்டார்கள். அதற்குள் புல்வெளியின் பெரும்பகுதி மரங்களின் அடியில் மறைந்துபோயிருந்தது.

படங்களைப் படித்தல்

கிராமப் படங்களின் பழைய படிகள் சென்னைச் சேப்பாக்கத்தில் உள்ள மத்திய நில அளவை அலுவலகத்தில் கிடைக்கும். இவை பெரும்பாலும் ஒரு மைலுக்கு 16 அங்குலம் அல்லது 8 அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டவை. படத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்க்காமல் எதையும் அளக்கக் கூடாது. புல எல்லை, கிணறு, வண்டிப்பாதை, ஓடை, கோயில், நத்தம் ஆகியன இவற்றில் தெளிவாக இருக்கும். கிணறுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். வானம்பார்த்த பூமியில் கிணறு தோண்டப்பட்ட புலம் தோட்டமாகிறது. தோட்டமான நிலம் பெரும்பாலும் மேய்ச்சலுக்குத் திரும்புவதில்லை. இரண்டு காலத்துப் படங்களில் கிணறுகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டாலே மேய்ச்சல் சுருங்கிய திசை தெரிந்துவிடும்.

இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்றப் படங்களை அடுத்துப் பாருங்கள். காங்கயம் ஊர் 11 பாகை வடக்கு அட்சரேகையை ஒட்டியே அமைந்திருப்பதால், இவ்வட்டாரத்துக்கு 58-இ, 58-எஃப் என்னும் இரண்டு தொகுதிகளிலும் தாள்கள் தேவைப்படும். பழைய தாள்கள் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360 என்ற அளவில் அமைந்தவை. பின்னர் வந்தவை 1:50,000. புல், புதர், பனை, பிற மரம் என்று தனித்தனிக் குறிகள் இவற்றில் உண்டு. தாளில் அச்சிட்ட ஆண்டையும் நில அளவை செய்த ஆண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கலாம். நமக்கு வேண்டியது பின்னது.

பழைய படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்துவதற்குக் கியூ-ஜி.ஐ.எஸ். போன்ற இலவச மென்பொருள் போதும். பொருத்துவதற்கான புள்ளிகளாக இடம் மாறாதவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று கிராமங்களின் எல்லைகள் சந்திக்கும் இடத்துக் கல், கற்கோயில், பழைய கிணற்றின் விளிம்பு, குளக்கரையின் மதகு ஆகியவை நம்பத் தகுந்தவை. ஓடையும் மண்பாதையும் நகர்ந்துகொண்டே இருப்பவை. குறைந்தது பத்துப் புள்ளிகளாவது ஊர் முழுவதும் பரவியிருக்கட்டும். பொருத்தியபின் எத்தனை மீட்டர் பிழை வருகிறதோ, அதைவிடச் சிறிய மாற்றத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

1960 முதல் 1972 வரை அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் 1995-இல் வெளியிடப்பட்டன. இத்துறையில் இருப்பவர்களுக்கு இவை கிடைத்தற்கரிய செல்வம். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் நம் ஊரின் இருப்பிடத்தைக் கொடுத்துத் தேடலாம். 1967-க்குப் பிந்தைய படங்களில் தெளிவு சுமார் 2 மீட்டர் வரை இருப்பதால், கிளுவை வேலிகள் கருங்கோடுகளாகவும் தனி மரங்கள் புள்ளிகளாகவும் தெரிய வாய்ப்புண்டு. அடங்கலில் ‘தரிசு’ என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு புலம் அதே காலத்துக் கொரோனா படத்தில் நாற்புறமும் வேலியோடு, உள்ளே மரங்களோடு காணப்பட்டால், அது பாழ்நிலம் அன்று என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. படச்சுருளின் ஓரங்களில் வடிவம் நீண்டு கோணும் என்பதால் ஊர் நடுப்பகுதியில் அமைந்த படத்தைத் தேர்ந்தெடுங்கள். 1972 முதல் கிடைக்கும் லேண்ட்சாட் படங்களில் தொடக்க காலத்தவை சுமார் 80 மீட்டர் தெளிவே உடையவை. வேலியை அவற்றில் காண இயலாது. புதிய கால்வாய்ப் பாசனத்தின் பச்சையைக் காணலாம். எந்தப் படமானாலும் எடுக்கப்பட்ட மாதத்தை முதலில் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் எடுத்த படத்தையும் சித்திரையில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்துப் புல்வெளி அழிந்துவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள். அழிந்தது புல் அன்று. பருவம் மாறியது, அவ்வளவே.

அறிக்கைகள், பயணக் குறிப்புகள், பத்திரங்கள்

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகளும் கோயம்புத்தூர் மாவட்ட ஆவணங்களும் உள்ளன. அவற்றுள் இறங்குவதற்கு முன், எஃப். ஏ. நிக்கல்சன் தொகுத்து 1887-இல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை முழுமையாகப் படித்துவிடுங்கள். எந்த ஆண்டின் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். பிற்கால மாவட்ட விவரச்சுவடிகள் (கெசட்டியர்கள்) முந்தையவற்றிலிருந்து பகுதி பகுதியாக எடுத்தெழுதப்பட்டவையாக இருக்கலாம். ஒரே செய்தி மூன்று நூல்களில் வந்தால் அது மூன்று சான்று ஆகாது. எதிலிருந்து எது எடுக்கப்பட்டது என்று கண்டறிந்து ஒன்றாக எண்ண வேண்டும்.

பிரான்சிஸ் புக்கானன் 1800-1801-இல் மைசூர், கோயம்புத்தூர், மலபார் பகுதிகளில் செய்த பயணத்தின் குறிப்புகள் 1807-இல் மூன்று தொகுதிகளாக அச்சாயின. அவர் மருத்துவர், தாவரங்களை அறிந்தவர், உழவர்களிடம் நேரில் கேட்டு எழுதியவர். ஊர்ப் பெயர்களை அவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால் வாய்விட்டு ஒலித்துப் பார்த்தே அடையாளம் காண வேண்டும். அவர் வந்தது திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டில் என்பதை எந்தப் பக்கத்தைப் படிக்கும்போதும் மறக்கக் கூடாது. போர்களால் குடிபெயர்ந்த ஊரில் கிடந்த தரிசும் மாடு மேய்க்க விடப்பட்ட தரிசும் குதிரைமேல் செல்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கிழக்கிந்தியக் கம்பெனி புதிதாகப் பெற்ற நாட்டின் வளத்தை மதிப்பிடுவதற்காகவே அவர் அனுப்பப்பட்டார் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளும் ஆண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கவனம் தேவை. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் இன்றும் நினைவுகூரும் 1876-78 பஞ்சத்தின் ஆண்டுகளை இயல்பான ஆண்டாகக் கொண்டால், அதற்குப் பின் வந்த ஒவ்வொரு ஆண்டும் வளர்ச்சியாகவே தோன்றும்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் கிடைக்கும் பழைய கிரையப் பத்திரங்களை இத்துறையில் போதிய அளவு யாரும் பயன்படுத்துவதில்லை என்பது என் மனக்குறை. ஒவ்வொரு பத்திரத்திலும் சக்குபந்தி உண்டு. கிழக்கே இன்னார் கொறங்காடு, மேற்கே இட்டேரி (வேலிகளுக்கு இடைப்பட்ட தடம்), வடக்கே இன்னார் தோட்டம் என்று நாற்புறமும் ஊர்மக்கள் வழங்கிய பெயரிலேயே நிலம் அங்கே சொல்லப்படும். வருவாய்க் கணக்கு மறைத்த சொல், எல்லை சொல்லும்போது தானாக வெளிப்பட்டுவிடுகிறது. ஒரு புலத்தைப் பற்றி அதன் சொந்தப் பத்திரத்தைக் காட்டிலும் அடுத்த புலத்தின் பத்திரம் தெளிவாகப் பேசும் என்பதால், சுற்றியுள்ள நான்கு புலங்களுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதே பத்திரத்தில் ‘மாவடை, மரவடை’ என்று வருவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது எழுத்தர்களின் வாய்பாடு. மரமே இல்லாத நிலத்தின் பத்திரத்திலும் வரும்.

வாய்பாடு எழுதும் இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. சோழர் செப்பேடுகளில் நிலக்கொடையைச் சொல்லும்போது ‘மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்’ என்றும், ‘உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த’ நிலம் என்றும் வரும். இதைப் படித்துவிட்டு அந்த ஊரில் ஆமை இருந்தது என்று எழுதுபவர் ஏமாந்துபோவார். ஆனால் அதே செப்பேட்டில் எல்லை கூறும் பகுதியில், இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இன்ன மரத்துக்கு மேற்கு என்று வருவது வாய்பாடு அன்று. ஊரார் சுற்றிவந்து காட்டிய இடம் அது. கல்வெட்டானாலும் கிரையப் பத்திரமானாலும் எல்லையை நம்புங்கள், அடுக்குச் சொல்லை ஐயுறுங்கள். சங்க இலக்கியத்தின் திணைப் பாகுபாட்டை இந்த வேலையில் நேர்ச் சான்றாகக் கொள்ள வேண்டாம். அது கவிதை மரபு, நிலப் பதிவேடு அன்று.

செடிகொடிகளின் பெயர்

ஆங்கிலேயர் எழுத்தில் வரும் தாவரப் பெயரை இன்றைய பெயரோடு பொருத்துவதற்கு, 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் உதவும். வட்டாரப் பெயர்கள் குழப்பம் தருபவை. ‘வேலமரம்’ என்று மட்டும் இருந்தால் அது வெள்வேலாகவும் இருக்கலாம், கருவேலாகவும் இருக்கலாம். முன்னது வறண்ட மேய்ச்சல் நிலத்தில் பரவலாக நிற்பது. பின்னது குளத்தின் நீர்ப்பிடிப்பிலும் தாழ்ந்த மண்ணிலும் செழிப்பது. ஆகவே அந்த மரம் சொல்லப்பட்ட இடம் எது என்பதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்க முடியாதபோது ‘வேலமரம்’ என்றே எழுதி விடுங்கள். சீமைக் கருவேலம் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டதே 1870-களில்தான். சிற்றூர்ப் புறங்களில் அது பெருகியது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர். அதற்கு முந்தைய பதிவில் ‘வேல்’ என்று கண்டால் அதனைச் சீமைக் கருவேலமாக எண்ணுவதற்கு இடமில்லை.

கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் உலர்தாவரக் காப்பகம் இந்த வட்டாரத்துக்கு அண்மையிலேயே இருப்பது நம் நல்வாய்ப்பு. உலர்த்தி ஒட்டப்பட்ட ஒவ்வொரு மாதிரியின் சீட்டிலும் சேகரித்த இடம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியன இருக்கும். சிலவற்றில் ‘வேலியில் வளர்வது’, ‘மேய்ச்சல் நிலத்தில் மிகுதி’ போன்ற குறிப்பும் இருக்கும். ஓரிடத்தில் ஒரு செடி இருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடையாது. ஆனால் எங்கும் காணப்பட்ட சாதாரணப் புல்லைச் சேகரிக்கப் பலர் மெனக்கெட்டதில்லை என்பதால், மாதிரி இல்லாமையைச் செடி இல்லாமையாகக் கொள்ளலாகாது.

ஊராரிடம் கேட்டல்

ஆவணங்களை ஒருமுறை படித்துவிட்டுத்தான் ஊராரிடம் செல்ல வேண்டும். அப்போதுதான் கேள்வி குறிப்பாக இருக்கும். ‘முன்பெல்லாம் எப்படி இருந்தது’ என்று கேட்டால் யாராக இருந்தாலும் செழிப்பாக இருந்தது என்றே சொல்வார்கள். ‘ஐயா, பெரிய கிணற்றுக்குக் கிழக்கே இருக்கும் இந்தப் புலத்தில், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன் மாடு கட்டினீர்களா, சோளம் போட்டீர்களா’ என்று கேட்டால் விடை துல்லியமாக வரும். பவானிசாகர் அணையின் கட்டுமானம் 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. கால்வாய்த் தண்ணீர் வந்த ஊர்களிலும் அதையடுத்த ஊர்களிலும் முதியவர்களின் நினைவை ஆண்டோடு பொருத்த இது நல்ல அடையாளம். தமிழ் ஆண்டுப் பெயரைச் சொன்னால் அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது என்பதை எண்ணிப் பாருங்கள். தாது 1876-லும் வந்தது, 1936-லும் வந்தது, 1996-லும் வந்தது.

நில உரிமையாளரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பட்டிக்கு ஆடு ஓட்டியவர்கள், கிளுவைக் குச்சி நட்டு வேலி கட்டியவர்கள், மாட்டுக்குத் தழை ஒடித்த பெண்கள் ஆகியோருக்கே எந்த மூலையில் எந்தப் புல் முதலில் முளைத்தது என்பது தெரியும். பட்டாவில் அவர்கள் பெயர் இருப்பதில்லை என்பதனாலேயே ஆவணத்தில் அவர்கள் அறிவும் இல்லை.

சேர்த்து எழுதுதல்

கிடைத்தவற்றையெல்லாம் ஒரே அட்டவணையில் இடுங்கள். புல எண், ஆண்டு, எந்த ஆவணம், ஆவணத்தில் உள்ள சொல், அதற்கு நீங்கள் கொள்ளும் பொருள், எவ்வளவு உறுதி என்று ஆறு பத்திகள் போதும். நான்காம் பத்தியில் ஆவணச் சொல்லை எழுத்து மாறாமல் எழுத வேண்டும்; ‘தரிசு’ என்று இருந்தால் தரிசு என்றே எழுதுங்கள். ஐந்தாம் பத்தியில்தான் ‘கொறங்காடு’ என்று உங்கள் கருத்தை எழுதலாம். இந்த இரண்டையும் கலந்துவிட்டவர்களுடைய ஆய்வைப் பின்னால் வருபவர் சரிபார்க்கவே முடியாது.

உறுதிக்கு ஓர் எளிய அளவு வைத்துக்கொள்ளலாம். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படாத இரண்டு வகை ஆவணங்கள் ஒரே புலத்தைப் பற்றி ஒத்துச் சொன்னால், எடுத்துக்காட்டாக அடங்கலின் பயிர் வரிசையும் கொரோனா படத்தின் வேலியும் ஒத்துப்போனால், அதை உறுதி என்று எழுதுங்கள். ஓர் ஆவணம் மட்டும் சொன்னால் இருக்கலாம் என்று எழுதுங்கள். இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால் முரணையே எழுதுங்கள். ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளும் ஆசை வரும்போது, ஏன் முரண்படுகின்றன என்று இருவேறு ஆண்டின் மழையையும் எழுதியவரின் நோக்கத்தையும் மீண்டும் பாருங்கள். பெரும்பாலும் முரண் அங்கேதான் அவிழும்.

அட்டவணையில் வெறுமையாக நிற்கும் கட்டங்களை முன்பின் ஆண்டுகளைப் பார்த்து நிரப்பிவிடாதீர்கள். படம் வரையும்போது அந்தப் புலங்களை வண்ணம் பூசாமல் வெள்ளையாக விட்டு, ஓரத்தில் ‘சான்று கிடைக்கவில்லை’ என்று குறியுங்கள். பின்னர் அந்தப் படத்தின் ஒரு படியை ஊர்ப் பொது இடத்தில் வைத்து, வெள்ளையாக உள்ள புலங்களின் உரிமையாளர்களிடம் அவர்கள் வீட்டுப் பழைய பத்திரங்களைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள்.